தலையைச் சாய்த்தால் வானம் ஏன் கறுக்கிறது?

கேள்வி: புதிதாக வாங்கிய போலராய்டு கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தால், வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகி மறுபடி வெளுக்கிறது. மற்ற பக்கம் ஒன்றும் ஆவதில்லை. கண்ணாடி கோளாறா?

பதில்: கண்ணாடியில் கோளாறே இல்லை, வானம்தான் அப்படி. சூரிய ஒளி, தான் போகும் பாதைக்குக் குறுக்காக எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வருகிறது. அதில் ஒரு பக்க அதிர்வு மட்டும் தூக்கலாகிவிட்டால் அதுதான் பள்ளியில் படித்த தளவிளைவு. உங்கள் கண்ணாடி செங்குத்து அதிர்வை விட்டுவிட்டுக் கிடைமட்டத்தைத் தடுக்கும், அவ்வளவுதான்.

சரி, வானத்தில் யார் வடிகட்டியது? காற்று மூலக்கூறின் மேல் ஒளி பட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஆட ஆரம்பித்து, ஆடிக்கொண்டே ஒளியை நாலா பக்கமும் வீசுகின்றன, ஆனால் எந்தத் திசையில் ஆடுகின்றனவோ அந்தத் திசையில் மட்டும் வீசுவதில்லை. சூட்சுமமே இதில்தான். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளிப் பார்த்தால், உங்களை நோக்கி முன்னும் பின்னும் ஆடுபவை எதையும் அனுப்பாது; குறுக்கே ஆடுபவற்றின் ஒளி மட்டும் வந்து சேரும். தலையைச் சாய்க்கும்போது கண்ணாடி தடுக்கும் திசை இந்த அதிர்வோடு ஒத்துப்போனால் அந்தப் பக்கம் கறுக்கிறது, விலகினால் வெளுக்கிறது. அந்த இடத்தைப் பிடிக்க ஆள்காட்டி விரலைச் சூரியன் பக்கம் நீட்டி (நேராகப் பார்த்துவிடாதீர்கள்), கட்டை விரலை அதற்குச் செங்குத்தாக விரித்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டை விரல் காட்டும் இடமெல்லாம் அந்தப் பட்டைதான். தூசும், பலமுறை சிதறி வரும் ஒளியும் கலப்பதால் அங்கேகூட முழுசாகக் கறுக்காது. மேகத்தில் சுத்தமாக வேலை செய்யாது.

தண்ணீரின் பளபளப்பும் இதே கதைதான். செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வாக ஒளி விழும்போது, நீருக்குள் புகும் கதிரும் தெறிக்கும் கதிரும் சரியாக ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைகின்றன. நீரிலுள்ள எலக்ட்ரான்களில் ஒரு பகுதி தெறிக்கும் திசையிலேயே ஆடுவதால் அந்தப் பங்கு திரும்பி வராது. வருவதெல்லாம் கிடைமட்ட அதிர்வு. ஜன்னல் கண்ணாடிக்கு இந்தக் கோணம் 56, 57 இருக்கும். 1808-இல் பாரிஸில் மாலுஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னலில் தெறித்த மாலை வெயிலை, எதையும் இரண்டாகக் காட்டும் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்து, படிகத்தைத் திருப்பத் திருப்ப இரட்டை பிம்பங்கள் மாறி மாறி மங்குவதைக் கவனித்தார். இந்த விஷயம் பிடிபட்டது அப்படித்தான்.

அப்புறம், கண்ணாடி அசலா என்று சந்தேகமிருந்தால் நீர்ப்பரப்பின் பளபளப்பைப் பார்த்தபடி அதைக் கழற்றிக் கண் முன்னே 90 டிகிரி திருப்புங்கள். மறைந்த பளபளப்பு திரும்பி வந்தால் அசல். எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறும் கறுப்புச் சாயம்.