சட்டம் கேளுங்கள்: ஆபரேஷனில் தவறு நடந்தால் எந்த வக்கீலிடம் போவது?

கேள்வி: என் மனைவிக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி ஆபரேஷன்) மூலம் பித்தப்பையை எடுத்தார்கள். 1,80,000 ரூபாய் பில். மூன்றாம் நாளே வயிற்று வலி, கண்ணில் மஞ்சள். ‘வாயுதான்’ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மதுரையில் வேறு மருத்துவமனையில் காட்டியபோது பித்தக் குழாயே வெட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்லி மறுபடி பெரிய ஆபரேஷன் செய்தார்கள். நஷ்டஈடு கேட்க நினைக்கிறோம். ஒரு வக்கீல் ‘உடனே நோட்டீஸ் விடலாம்’ என்கிறார், இன்னொருவர் ‘டாக்டர் மேல கேஸ் நிக்காது’ என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இருவருமே கேஸ் ஷீட்டை, அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவுகளைப் பார்க்காமல் பேசுகிறார்கள். ஆகவே இப்போதைக்கு இருவரிடமும் வழக்குக் கட்டைக் கொடுக்க வேண்டாம். முதலில் ஆவணங்களை வாங்குங்கள், நோட்டீஸ் அதற்குப் பிறகுதான். நோட்டீஸ் போன பின் கேட்டால் இழுத்தடிப்பார்கள். புதிதாக எழுதிச் சேர்த்த பக்கங்களும் கூடவே வரலாம்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி குறிப்பிட்டு உங்கள் மனைவியின் கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, சம்மதப் படிவம், நர்ஸ்கள் எழுதும் தினசரி சார்ட், ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன் ஃபிலிம், பயாப்ஸி ரிப்போர்ட், பில்கள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி என்பதால் வீடியோ பதிவு இருந்தால் அதையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. உங்கள் நகலில் சீல் போட்டு வாங்குங்கள், மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அவர்கள் தராமலே விட்டால், அந்தக் கடிதமே நாளை உங்களுக்குச் சான்று. மதுரை ஆபரேஷன் குறிப்பையும் மறக்காமல் வாங்குங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதியவர் அந்த சர்ஜன்தான்.

பித்தக் குழாய் காயம் இந்த ஆபரேஷனில் தெரிந்த ஆபத்துகளில் ஒன்று, கவனமான சர்ஜன் கையிலும் அது நடக்கலாம். எனவே குழாய் வெட்டுப்பட்டது என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. கிளிப் போடும் முன் பித்தப்பையின் குழாயையும் ரத்த நாளத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததாகக் குறிப்பில் இருக்கிறதா? எல்லாம் ஒட்டிக் கிடந்திருந்தால், வயிற்றைத் திறந்து செய்ய ஏன் மாறவில்லை? மஞ்சள் தெரிந்த அன்று ரத்தத்தில் பிலிரூபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு) பார்த்தார்களா, ஸ்கேன் எடுத்தார்களா? உங்கள் வழக்கின் உயிர் அந்த வாயு மாத்திரையில்தான் இருக்கிறது. கட்டைப் புரட்டிவிட்டுத் தானாகவே அங்கே வந்து நிற்கிற வக்கீல்தான் உங்களுக்குத் தேவை.

அவரைக் கண்டுபிடிக்க விளம்பரங்கள் உதவாது. வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பது அவர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. உங்களைப் போன்றவர்கள் நஷ்டஈடு கேட்டுப் போகும் இடம் நுகர்வோர் ஆணையம், அதன் தீர்ப்புகள் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் பகுதி மருத்துவமனைகளின் பெயர்களைப் போட்டுத் தேடுங்கள். தீர்ப்பின் தொடக்கத்திலேயே இரு தரப்பு வக்கீல்களின் பெயரும் இருக்கும். நோயாளிக்காக ஆஜரானவர் தோற்றிருந்தாலும் பரவாயில்லை, என்ன சான்று கொடுத்தார், மருத்துவக் கருத்து வாங்கினாரா என்று படியுங்கள். எப்போதும் மருத்துவமனைப் பக்கமே வருகிற பெயர்களை விட்டுவிடுங்கள். சின்ன ஊரில் டாக்டர்களும் மூத்த வக்கீல்களும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக இருப்பது சகஜம், பக்கத்து மாவட்டத்துக்காரர் நல்லது. மாநில ஆணையத்தின் கிளை மதுரையில் இருப்பதால், மேல்முறையீடு நடத்திப் பழகியவர்களும் அங்கே உண்டு.

முதல் சந்திப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “20 லட்சம் நஷ்டஈடு கேட்டால் எங்கே போட வேண்டும், கட்டணம் எவ்வளவு?” 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கட்டிய தொகை, கேட்கிற நஷ்டஈடு அல்ல. கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே போடலாம். கேட்கும் தொகையை வைத்துக் கணக்குப் போடுகிறவர் இன்னும் பழைய 1986 சட்டத்திலேயே இருக்கிறார்.

அடுத்த கேள்வி, “மருத்துவக் கருத்து யாரிடம் வாங்குவீர்கள்?” உள்ளூர் டாக்டர் இன்னொரு உள்ளூர் டாக்டருக்கு எதிராக எழுதித் தருவது அபூர்வம். அரசு மருத்துவக் கல்லூரியில் ஓய்வுபெற்ற பொது அறுவை சிகிச்சைப் பேராசிரியரையோ வெளியூர் சர்ஜனையோ அணுகுவார் என்றால் வேலை தெரிந்தவர். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு வருடம் முன்பு சிசேரியன். அன்றிலிருந்து அடிக்கடி வயிற்று வலி. போன மாதம் வயிற்றிலிருந்து காஸ் துணியை எடுத்தார்கள். இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் வழக்குப் போட முடியாது என்கிறார்களே?
– வாசகி, கரூர்

பதில்: கெடு இரண்டு வருடம்தான். ஆனால் உள்ளே இருப்பது தெரிய வாய்ப்பே இல்லாதபோது, தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று வாதிடலாம். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1993-இல் ஆபரேஷன், 2002-இல் காஸ் எடுக்கப்பட்டது, 2004-இல் புகார் என்று வந்த ஒரு வழக்கை 2010-இல் உச்ச நீதிமன்றம் காலம் கடந்தது என்று தள்ளியது. இத்தனை வருடம் வலி இருந்தும் அந்த சர்ஜனிடம் ஏன் போகவில்லை என்பதுதான் அங்கே கேள்வி. ஆகவே இடையில் நீங்கள் வலிக்காகப் பார்த்த ஒவ்வொரு சீட்டையும், மருந்துக் கடை பில்லையும் தேடி எடுங்கள். தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் புகாரோடு சேர்த்தே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ‘தெரிந்து ஒரு மாதம்தானே ஆகிறது, இன்னும் நாளிருக்கிறது’ என்கிற வக்கீல் வேண்டாம்.

துணியை எடுத்த சர்ஜன் தன் குறிப்பில் அதை எழுதியிருக்கிறாரா என்று இன்றே பாருங்கள். ஸ்கேன் ஃபிலிம், எடுத்ததன் போட்டோ, நோய்க்குறியியல் ரிப்போர்ட் இருந்தால் பலம். இப்படிக் கண்கூடான தவறுகளில் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேள்வி: கைக்காசு வேண்டாம், கிடைக்கும் நஷ்டஈட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிறார் ஒரு வக்கீல். முதலில் போலீஸில் புகார் கொடுத்தால் மருத்துவமனை தானாகப் பேச வரும் என்றும் சொல்கிறார். எங்களிடம் பணமும் இல்லை.
– வாசகி, ஆவடி

பதில்: வழக்கின் முடிவில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். போலீஸ் யோசனையும் வேண்டாம். மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மீது கிரிமினல் வழக்கு நிற்கும், அதற்கும் வேறொரு டாக்டரின் நடுநிலைக் கருத்து வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. புகார் முடித்துவைக்கப்பட்டால் அந்த அறிக்கையையே எதிர்தரப்பு ஆணையத்தில் காட்டும்.

பணம் இல்லை என்பதற்கு வழி இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். மருத்துவ வழக்கு நடத்தியவரைத் தரும்படி மனுவிலேயே எழுதுங்கள்.

சம்பளம் கொடுத்து வைப்பதானால், நோட்டீஸ், புகார் தாக்கல், சான்று வாக்குமூலம், வாதம் என்று கட்டம் கட்டமாகப் பேசி ரசீது வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரிஜினல்கள் உங்களிடமே இருக்கட்டும். வக்கீல் சொதப்பினால் நுகர்வோர் ஆணையம் போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. புகாருக்கு பார் கவுன்சில்தான் இடம்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் நடந்த தவறுக்கு?
– வாசகர், விழுப்புரம்

பதில்: எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் என்றால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது. இ.எஸ்.ஐ. மருத்துவமனை இதற்கு விதிவிலக்கு. உங்களுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசுக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு) அல்லது சிவில் வழக்கு, எனவே தேட வேண்டியதும் ரிட் நடத்தும் வக்கீலை. கேஸ் ஷீட் மறுக்கப்பட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்.

கேள்வி: வழக்கு ஒன்றரை வருடமாக வாய்தாவிலேயே இருக்கிறது. வக்கீலை மாற்றக் கேட்டால், பாக்கியைக் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன் என்கிறார்.
– வாசகர், சேலம்

பதில்: மாற்றும் முன் இ-ஜாக்ரிதியில் உங்கள் வழக்கின் தினசரி உத்தரவுகளைப் பாருங்கள். எதிர்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள், அதற்கு மேல் 15 நாள்தான். தாமதம் ஆணையத்தால் என்றால் புது வக்கீல் வந்தும் பயனில்லை. ‘புகார்தாரர் தரப்பில் யாரும் இல்லை’ என்று திரும்பத் திரும்ப வந்திருந்தால் உடனே மாற்றுங்கள், அடுத்த முறை வழக்கே தள்ளுபடியாகலாம். பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டைக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். வக்காலத்து மாற்ற அவர் ஒப்புதல் தராவிட்டால், அந்தக் கடித நகலோடு ஆணையத்தில் மனுப்போட்டுப் புது வக்காலத்தைத் தாக்கல் செய்யலாம். தாக்கலான ஆவணங்களின் சான்றிட்ட நகலும் ஆணைய அலுவலகத்திலேயே கிடைக்கும்.