பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆட்டக் கோட்பாடு சொல்லிக்கொடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஒருவருக்குக் கிடைக்கும் பலன் மற்றவர்கள் எடுக்கும் முடிவையும் பொறுத்திருக்கும்போது யார் என்ன செய்வார் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் ஆட்டக் கோட்பாடு. மட்டக்களப்பில் இரண்டு தடவை செய்து பார்த்திருக்கிறேன். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள், 24 பேர், கிழமைக்கு மூன்று நாள், காலையில் இரண்டு மணித்தியாலம். கூட்டல், பெருக்கல், கொஞ்சம் நிகழ்தகவு தெரிந்தால் போதும். கணக்கால் எனக்கு ஒரு நாளும் கஷ்டம் வரவில்லை. எந்தக் கதையில் தொடங்குவது என்பதில்தான் சறுக்கினேன்.

(பெயரிலும் சறுக்கினேன். முதல் நோட்டீஸில் 'விளையாட்டுக் கோட்பாடு' என்று போட்டிருந்தேன். ஒரு தகப்பன் வந்து, "ஏ.எல்.லுக்கு ஆயத்தப்படுத்துற நேரத்தில விளையாட்டு எதுக்கு சேர்?" என்றார். ஆட்டக் கோட்பாடு என்று மாற்றினேன். கூத்தாடப் பழக்கப்போகிறேன் என்று இரண்டு பேர் நினைத்தார்கள்.)

எல்லாரும் தொடங்குவதுபோல நானும் கைதிகளின் திண்டாட்டத்தில் தொடங்கினேன். 1950இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் ஃப்ளட், டிரெஷர் என்ற இருவர் உருவாக்கிய ஆட்டம். பொலிஸ், இரண்டு கைதி, தனித்தனி அறை, மற்றவனைக் காட்டிக்கொடுப்பதா வாயை மூடிக்கொண்டிருப்பதா என்ற கதையை அதற்கு மாட்டிவிட்டவர் அல்பர்ட் டக்கர். பலகையில் நான்கு கட்டம் கீறி, காட்டிக்கொடுத்தால் இத்தனை வருசம், வாய் திறக்காவிட்டால் அத்தனை வருசம் என்று நிரப்பிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன் கேட்டான்: "சேர், அடிக்க மாட்டாங்களா?"

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள்தான் அதிகம். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக எடுக்க இடம் கொடுக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்த நாடு இது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் கதையை வேறு விதமாக வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். அவன் கேட்டதற்கு என் நான்கு கட்டத்திலும் இடமில்லை. பலகையை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் அந்தக் கதையை நான் எடுப்பதில்லை.

சரி, எதில் தொடங்கலாம்? எண் ஆட்டத்தில். 0 முதல் 100 வரை ஒரு எண்ணை ஒவ்வொருவரும் கடதாசியில் எழுதித் தரவேண்டும். எல்லா எண்களின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டவாக எழுதியவருக்கு வெற்றி. றோஸ்மேரி நாகல் 1995இல் எழுதிய கட்டுரையால் பிரபலமான ஆட்டம் இது. முதல் சுற்றில் சராசரி 36 வந்தது, 24 எழுதியவள் வென்றாள். அடுத்த சுற்றில் சராசரி 19, அதிலும் அவளே வென்றாள். எல்லாரும் 100 எழுதினாலும் விடை 67ஐத் தாண்டாது, அது எல்லாருக்கும் தெரிந்தால் 45ஐத் தாண்டாது, அப்படியே இறங்கினால் பூச்சியம்தான் என்று அந்தப் பிள்ளையே எழும்பி நின்று சொன்னாள். நாஷ் சமநிலை என்ற சொல்லை அப்போதுதான் பலகையில் எழுதினேன்: மற்றவர்கள் மாறாமல் இருக்கும்போது, தன் முடிவை மட்டும் மாற்றி யாரும் கூடுதல் லாபம் பார்க்க முடியாத நிலை.

மூன்றாம் சுற்றில் அவள் 0 எழுதினாள், தோற்றாள். ஒருவனைத் தவிர, அவளோடு சேர்த்து 23 பேரின் சராசரி 3தான். ஆனால் அந்த ஒருவன் வேண்டுமென்றே 100 எழுதியிருந்தான். சராசரி 7க்கு ஏறியது, 5 எழுதியவன் ரொபியை வாங்கிக்கொண்டு போனான். 100 எழுதியவன் சொன்னான்: "நான் தோத்தாலும் காரியமில்ல சேர், அவ மூணாந்தரமும் வெல்லப்படாது." எல்லாரும் தன் லாபத்தையே பார்ப்பார்கள் என்று கோட்பாடு எடுத்துக்கொள்கிறதே, அது எங்கே உடைகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அன்றைய மிச்ச நேரம் முழுக்க அவனைப் பற்றித்தான் பேசினோம்.

அப்புறம் வாய்க்கால் ஆட்டம். வகுப்பில் பாதிப் பேர் படுவான்கரைப் பிள்ளைகள், வாவிக்கு மேற்கே வயல் பக்கம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாயும், தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு யார் சண்டை பிடிப்பார் என்பதெல்லாம் என்னைவிட அவர்களுக்குத் தெரியும். ஆறு பேரை வரிசையாக இருத்தினேன். வாய்க்கால் வெட்டும் கூலியாக ஒரு ரொபி போடலாம், போடாமலும் இருக்கலாம். போட்ட ஒவ்வொன்றுக்கும் நான் ஐந்து ரொபி கிண்ணத்தில் வைப்பேன், அதுதான் தண்ணீர். கிண்ணம் முதலாம் ஆளிடமிருந்து வரிசையாகப் போகும், அவரவர் விரும்பியதை எடுக்கலாம்.

முதல் சுற்றில் ஆறு பேரும் போட்டார்கள், கிண்ணத்தில் 30. முதலாவதாக இருந்தவன் 12 எடுத்தான், அடுத்தவர்கள் 9, 6, 3. கடைசி இருவருக்கும் வெறுங்கிண்ணம். அடுத்த சுற்றில் அந்த இருவரும் கூலி போடவில்லை, கிண்ணம் 20க்கு இறங்கியது. அதற்கடுத்த சுற்றில் நாலாவது பிள்ளையும் கையை மடக்கிக்கொண்டாள், 15. அப்போதுதான் முதலாமவன் திரும்பிப் பார்த்து, "சரி, போடுங்க, ஆளுக்கு அஞ்சு" என்றான். கடைசி வயல்காரன் மண்வெட்டியோடு வராவிட்டால் முதல் வயலுக்கும் நட்டம் என்பது ஆறு பேருக்கும் விளங்கிவிட்டது. 2009இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் நீர்ப்பாசனத்தைப் பற்றி எழுதியதில் முக்கியமான இடம் இதுதான். அதைச் சொன்னபோது, அம்பாறைப் பக்கம் கல்லோயா இடதுகரையில் 1980களில் விவசாயிகள் அமைப்பாகச் சேர்ந்து, வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீரைக் கடைசி வயல்வரை விட்ட கதையையும் சொன்னேன். நோர்மன் அப்ஹொஃப் என்ற ஆய்வாளர் அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

நீங்கள் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள், எத்தனை சுற்று என்று சொல்லிவிடாதீர்கள். கைதிகளின் திண்டாட்டத்தைக் கணினி நிரல்கள் திரும்பத் திரும்ப ஆடும் போட்டிகளை நடத்தியவர் ரொபேர்ட் அக்ஸல்ரொட். தன் முதல் போட்டியில் 200 சுற்று என்று அறிவித்திருந்தார். இரண்டாவது போட்டியில் ஆட்டம் எப்போது முடியும் என்பதைத் தற்செயலுக்கே விட்டார். நான் மறதியில், "இதுதான் கடைசிச் சுற்று" என்று சொல்லித் தொலைத்தேன். ஆளுக்கு ஐந்து என்று பங்கு பிரித்த அதே பொடியன் கிண்ணத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டான்.