பெயர் என்னுடையது, பதிவுச் சான்றிதழ் அவரிடம்: என்ன செய்வது?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, குழம்பு மிளகாய்த் தூள் தயாரித்து விற்கிறேன். 2017இல் வீட்டு அடுப்படியில் தொடங்கிய தொழில். என் பாட்டியின் பெயரோடு ஒரு சொல் சேர்த்து பிராண்டாக வைத்தேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு அதே ஆண்டில் வாங்கினேன். பிறகு ஜிஎஸ்டி, உத்யம் (சிறுதொழில்) பதிவுகளும் எடுத்தேன். 2020இலிருந்து மதுரை விநியோகஸ்தர் ஒருவர் என் சரக்கை வாங்கிக் கடைகளுக்குப் போட்டுவந்தார். 2023 கடைசியில் பாக்கித் தகராறில் பிரிந்துவிட்டோம். அடுத்த சில மாதங்களில் அவரே அதே பெயரில், அதே லேபிளில் பொடி போட ஆரம்பித்துவிட்டார். இப்போது அவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 2022இலேயே அந்தப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிய விண்ணப்பித்து, 2023இல் சான்றிதழும் வாங்கிவிட்டாராம். 15 நாளில் நான் பெயரை விட்டுவிட வேண்டும், 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்கிறார். புகார் கொடுத்து என் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் முடக்கிவிட்டார். போனில் பேசினால், 3 லட்சம் கொடு, பெயரை உனக்கே எழுதித் தருகிறேன் என்கிறார். பாக்கெட்டுக்கும் விளம்பரத்துக்கும் நகையை அடகு வைத்துச் செலவு செய்திருக்கிறேன். பெயரை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம், சகோதரி. பணமும் கொடுக்க வேண்டாம். உங்கள் கடிதமும் நீங்கள் இணைத்திருக்கும் பிரதிகளும் சொல்வது உண்மையானால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து காப்பாற்றாது. இந்த 15 நாளுக்குள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறதோ அவரே பெயருக்குச் சொந்தக்காரர் என்று நம் ஊர் வியாபாரிகள் பலர் நம்புகிறார்கள். சான்றிதழைக் காட்டி மிரட்டுகிறவர்களின் பலமே இந்த நம்பிக்கைதான். வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டம், 1999இன் 34ஆம் பிரிவு வேறு மாதிரிச் சொல்கிறது. பதிவு செய்தவர் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவருடைய பதிவு நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ, அதற்கும் முன்பிருந்தே வேறொருவர் அதே சரக்குக்கு அதே பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்திருந்தால், பதிவுக்காரர் அவரைத் தடுக்க முடியாது. பதிவு நாள் என்பது விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். அவர் விண்ணப்பித்தது 2022. நீங்கள் தொடங்கியது 2017.

அதைவிடப் பெரிய ஆயுதம் நீங்கள் அனுப்பிய பதிவேட்டுப் பிரதியிலேயே இருக்கிறது. டிரேட்மார்க் விண்ணப்பத்தில், எந்த நாளிலிருந்து பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு அவர் ‘இனிமேல் பயன்படுத்த உத்தேசம்’ என்று பதில் கொடுத்திருக்கிறார். அதாவது 2022இல் தனக்கு அந்தப் பெயரில் வியாபாரம் இல்லை என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஆகஸ்டில், அதே பெயர் அச்சிட்ட உங்கள் பில்லில் ‘சரக்கு பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திட்டு, தன் கடை ரப்பர் ஸ்டாம்பையும் குத்தியிருக்கிறார். இந்த இரண்டு தாளையும் நீதிபதி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் பெயர் என்று தெரிந்தே அவர் பதிவு செய்தார் என்பது புரிந்துவிடும். அந்தப் பில்லின் அசல் எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு உங்களுக்குத் தைரியம் தரும். ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயருக்கு, முந்திப் பயன்படுத்திய கடைக்காரரை எதிர்த்து நின்ற தரப்பும் பதிவு வாங்கி வைத்திருந்தது. பதிவு வைத்திருப்பவர்மேல் வழக்குப் போட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. முந்திப் பயன்படுத்தியவரின் உரிமை பதிவு செய்தவரின் உரிமையைவிட மேலானது என்று 2015இல் தீர்ப்பு வந்தது. தன் சரக்கை இன்னொருவர் சரக்குபோல் காட்டி விற்பதைத் தடுக்கும் ‘பாஸிங் ஆஃப்’ வழக்கைப் பதிவுக்காரர் மீதும் தொடரலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பும் சட்டத்தின் 27(2)ஆம் பிரிவும் அடிப்படை.

இனி ஆதாரம். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான். ‘2017 முதல்’ என்று சொன்னால் போதாது. ஒவ்வோர் ஆண்டுக்கும் பெயர் தெரிகிற தாள் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் ஜிஎஸ்டி சான்றிதழிலும் உணவுப் பாதுகாப்புப் பதிவிலும் இருப்பது உங்கள் சொந்தப் பெயர். பிராண்டின் பெயர் இல்லை. ஆகவே நீங்கள் பொடி விற்றீர்கள் என்பதை அவை நிரூபிக்கும், இந்தப் பெயரில் விற்றீர்கள் என்பதை நிரூபிக்காது. அந்த இடைவெளியை வேறு தாள்களால் அடைக்க வேண்டும். லேபிள் அடித்துக் கொடுத்த அச்சகத்தின் பில்களை வாங்குங்கள். அவர்களிடம் பழைய மாதிரிப் படிவமும் கம்ப்யூட்டரில் தேதியோடு இருக்கக்கூடும். பாக்கெட் கவர் வாங்கிய ரசீது, கூரியர் சீட்டு, மகளிர் குழுக் கண்காட்சியில் கடை போட்டபோது எடுத்த படம், 2017, 2018இல் முகநூலில் போட்ட பதிவுகள், பழைய கவர் ஒன்று மிச்சமிருந்தால் அது, எல்லாம் வேண்டும். ஆண்டுவாரி விற்பனைக்கு ஆடிட்டரிடம் சான்று வாங்குங்கள். ஆரம்பத்திலிருந்து உங்களிடம் வாங்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் பிரமாணப் பத்திரம் தந்தால் மிகவும் நல்லது.

அந்த விநியோகஸ்தரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் தங்கம். ஒரு செய்தியையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் நீதிமன்றத்துக்குப் போதாது. பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் வக்கீல் அதைத் தயாரிப்பார்.

ஊரடங்கு மாதங்களில் விற்பனை நின்றுவிட்டதே, தொடர்ச்சி அறுந்துவிடாதா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஊர் முழுக்கக் கடை மூடியிருந்த காலத்தை வைத்துப் பெயரைக் கைவிட்டீர்கள் என்று யாரும் வாதாட முடியாது. முன்னும் பின்னும் பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விற்பனை அளவு சிறியது என்ற தயக்கமும் வேண்டாம். 2001இல் யூனிப்ளை என்ற ஒட்டுப்பலகைப் பெயர் பற்றிய வழக்கில், சிறிய அளவு விற்பனையே முந்திய பயன்பாட்டை நிலைநாட்டப் போதும் என்று சில நீதிமன்றங்கள் கருதுவதை உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. தொடர்ந்து விற்றீர்களா என்பதே முக்கியம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது கேவியட். பதிவுக்காரர் தாம் தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 134ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே அவர் மதுரையில் மனுப் போட்டு, உங்களை விசாரிக்காமலே இடைக்காலத் தடை வாங்கப் பார்க்கலாம். சான்றிதழை மட்டும் பார்க்கிற நீதிபதிக்கு உங்கள் 2017 கதை தெரிய வாய்ப்பில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் கேவியட் மனுப் போட்டுவைத்தால், உங்களுக்குத் தகவல் தராமல் உத்தரவு பிறப்பிக்கக் கூடாது. மதுரை, திண்டுக்கல் மாவட்ட நீதிமன்றங்களிலும், அவர் சென்னைக்குச் சரக்கு அனுப்புவதால் உயர் நீதிமன்றத்திலும் போடுங்கள். கேவியட் 90 நாள்தான் நிற்கும். அதற்குள் வழக்கு வராவிட்டால் புதிதாகப் போட வேண்டும். ஒரு சிறு தொழிலை ஒரே நாளில் நிறுத்திவிடக்கூடியது இந்த ஒருதரப்புத் தடையாணைதான் என்பதால் இதை முதல் வேலையாகச் சொல்கிறேன்.

நோட்டீசுக்குக் கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். 2017 முதலான பயன்பாடு, அவர் உங்களிடம் சரக்கு வாங்கிய விவரம், அவருடைய விண்ணப்பத்தில் உள்ள ‘உத்தேசம்’, 34ஆம் பிரிவு ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். அவரைத் திருடன் என்று எழுதி வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பவும் வேண்டாம். அவதூறு வழக்குக்கு நீங்களே வழி திறந்துவிடுவீர்கள். 3 லட்சம் பேச்சுக்குப் போனில் எந்தப் பதிலும் கூடாது. ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று நீங்கள் அனுப்பும் ஒரு வரிச் செய்திகூட, பெயர் அவருடையது என்று ஒப்புக்கொண்டதாக நாளை படிக்கப்படும்.

பதிலோடு நின்றுவிடக் கூடாது. அவர் பெயர் பதிவேட்டில் இருக்கும் வரை ஆன்லைன் தளங்களிலும் பெரிய கடைகளிலும் இதே தொல்லை வந்துகொண்டிருக்கும். வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 57ஆம் பிரிவின்கீழ் அந்தப் பதிவை நீக்கக் கோரலாம். கெட்ட நோக்கோடு விண்ணப்பித்தது, பெயர் தமக்குச் சொந்தமில்லை என்று தெரிந்தே உரிமை கோரியது ஆகியவை காரணங்கள். சென்னை கிண்டியில் உள்ள டிரேட்மார்க் பதிவகத்தில் டிஎம்-ஓ படிவத்தில் மனுச் செய்யலாம். ஆன்லைனில் கட்டணம் ஒரு வகுப்புக்கு (சரக்கு வகைக்கு) 2,700 ரூபாய். இத்தகைய மனுக்களை முன்பு விசாரித்துவந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை 2021இல் கலைத்துவிட்டதால், உயர் நீதிமன்றத்துக்கும் நேரடியாகப் போகலாம். அவர் முந்திக்கொண்டு வழக்குப் போட்டு, அதில் நீங்கள் பதிவின் செல்லுபடியைக் கேள்வி கேட்டால், நீக்கல் மனு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். என் யோசனை, வழக்கு வருவதற்கு முன்பே கிண்டியில் மனுவைப் போட்டுவிடுவது. செலவும் குறைவு.

தள்ளிப்போடாதீர்கள். பதிவு செய்யப்பட்ட பெயரை ஒருவர் பயன்படுத்துவது தெரிந்தும் 5 ஆண்டு தொடர்ந்து பொறுத்துக்கொண்டிருந்தால், பதிவு செல்லாது என்று கேட்கும் உரிமையை 33ஆம் பிரிவு பறித்துவிடும். கெட்ட நோக்கோடு செய்த பதிவுக்கு விலக்கு உண்டென்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

அவர் விற்பனையை நிறுத்தாவிட்டால் பாஸிங் ஆஃப் வழக்கு. அவருடைய சரக்கு திண்டுக்கல் கடைகளிலும் விற்பதால் உங்கள் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம். வணிக வழக்குகளில் அவசரத் தடை கேட்காவிட்டால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம். உங்களுக்குத் தடை அவசரம் என்பதால் அதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அவர் பாக்கெட்டையும் உங்கள் பாக்கெட்டையும் ஒரே கடையில் பில்லோடு வாங்கி வையுங்கள். அவர் பொடியைச் சாப்பிட்டுவிட்டு ‘இந்த முறை ருசி மாறிவிட்டதே’ என்று உங்களிடம் கேட்ட வாடிக்கையாளர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மக்கள் ஏமாறுகிறார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

உங்கள் பெயரிலும் விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான். மசாலாப் பொடிகள் 30ஆம் வகுப்பு. 2017 முதல் பயன்பாடு என்று குறிப்பிட்டு, பிரமாணப் பத்திரமும் ஆதாரங்களும் இணைக்க வேண்டும். அவருடைய பதிவைக் காட்டி ஆட்சேபம் வரும். அப்போது நீக்கல் மனு நிலுவையில் இருப்பதைச் சொல்லலாம். இதைப் படிக்கும் மற்ற சிறு தொழில் செய்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: ஜிஎஸ்டி, உத்யம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எதுவும் பெயருக்குக் காவல் இல்லை. ஒரு மாத இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஆகும் பணத்தைவிடக் குறைவாகப் பெயரைப் பதிந்துவிடலாம். விளம்பரம் செய்து பெயர் பிரபலமாக ஆக, அதை எடுத்துக்கொள்ள நினைப்பவர்களும் கூடுவார்கள். விண்ணப்பங்கள் பதிவகத்தின் வார இதழில் வெளியான பிறகு, எதிர்ப்புத் தெரிவிக்க 4 மாதம் அவகாசம் உண்டு. இந்தச் சகோதரிக்கு அந்த நான்கு மாதம் தெரியாமலே போய்விட்டது.

முடங்கிய பக்கத்துக்கு, பழைய பதிவுகளின் தேதிகளோடும் பில்லோடும் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மேல்முறையீடு அனுப்புங்கள். மறுத்தால், மத்திய அரசு அமைத்துள்ள குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம். பக்கம் திரும்பும் வரை வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி வியாபாரத்தை நடத்துங்கள். விற்பனையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தொடர்ச்சியே உங்கள் உரிமை.

ஓர் எச்சரிக்கை. சென்ற ஆண்டு ஊறுகாயும் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். 34ஆம் பிரிவு, நீங்கள் முன்பிருந்தே விற்ற சரக்குக்குத்தான் கவசம். ஊறுகாய் 29ஆம் வகுப்பு, தொடங்கியதும் அவர் பதிவுக்குப் பின்னால். நீக்கல் மனு முடியும் வரை இந்தப் பெயரில் ஊறுகாயை விரிவுபடுத்தாமல் இருப்பது நல்லது.

கடைசியாக லேபிள். அம்மியும் கோலமும் வரைந்த அந்தப் படத்தை உங்கள் அண்ணன் மகனின் நண்பர் பணம் வாங்கிக்கொண்டு வரைந்து கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். காசு கொடுத்துவிட்டோம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே சேரும்; ஆனால் லேபிள் படம் அந்த விதியில் அடங்குமா என்ற வாதம் வரலாம். அந்த இளைஞரைத் தேடிப்பிடித்து உரிமை மாற்று ஆவணம் எழுதி வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும் என்று தெளிவாக எழுத வேண்டும். எதிராளி அவரை அணுகுவதற்கு முன் நீங்கள் போய்விடுங்கள்.