கோட்டைத் தாண்டியவருக்கே தெரியாதா?

கேள்வி: அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களை விடாமல் பார்ப்பவன் நான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓட்டி முதலில் வந்தவரைக் கூப்பிட்டு, ‘நீ ஜெயிக்கவில்லை’ என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி சொல்வது எந்த ஊர் நியாயம்? யார் முந்தியது என்று ஓட்டியவருக்கே தெரியாதா? மெக்கானிக் ஒட்டிய டேப்புக்கு ஓட்டுநர் ஏன் கோப்பையைத் திருப்பித் தர வேண்டும்? பழைய தகராறுகளையும் ஓட்டுநர்களின் வாய்மொழியைக் கேட்டுத் திருத்தினால் என்ன?
- ஒரு வாசகர், கோவை

பதில்: தெரியாது. மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரிலும் ஓட்டுநருக்குத்தான் அது தெரிய வாய்ப்பு மிகக் குறைவு. இருக்கையின் இரு பக்கத் தடுப்புகள் ஹெல்மெட்டை அணைத்து நிற்கின்றன. கழுத்துக் காப்புப் பட்டை தலையைத் தோளோடு கட்டிவைத்திருக்கிறது. இடது ஜன்னலில் வலை. பக்கத்தில் கார் இருக்கிறதா இல்லையா என்பதையே, பார்வையாளர் மாடத்துக் கூரையில் நின்று பார்த்துச் சொல்லும் ஸ்பாட்டர் என்ற உதவியாளர் ரேடியோவில் சொல்லித்தான் அவர் அறிகிறார். இந்த நிலையில், தனக்கு இரண்டு மீட்டர் முன்னால் இருக்கும் தன் காரின் மூக்கையும் அடுத்தவர் காரின் மூக்கையும் ஓரக்கண்ணால் ஒப்பிட்டு, தரையில் ஓடும் ஒரு கோட்டை எது முதலில் தொட்டது என்று அவர் சொல்ல வேண்டும் என்கிறீர்கள்.

இந்தத் தடுப்பெல்லாம் இல்லாத காலத்தில் மட்டும் என்ன நடந்தது? 1959 பிப்ரவரி 22, முதல் டேட்டோனா 500. லீ பெட்டியின் ஓல்ட்ஸ்மொபைல், ஜானி போஷாம்பின் தண்டர்பேர்ட், இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு சுற்று பின்தங்கியிருந்த ஜோ வெதர்லியின் ஷெவர்லே, மூன்றும் ஒட்டிக்கொண்டு கோட்டைக் கடந்தன. அதிகாரிகள் போஷாம்பைக் காட்டினார்கள். வெற்றி மேடையிலும் அவரே நின்றார். பெட்டியோ தானே முதல் என்று அடித்துச் சொன்னார். போஷாம்பும் விடவில்லை. பொய் சொல்வதற்காக அல்ல, இருவருமே நம்பித்தான் சொன்னார்கள். பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களையும் செய்திப்பட ஃபிலிமையும் வாங்கிப் பார்த்து, மூன்றாம் நாள்தான் பெட்டி என்று முடிவானது. கோட்டுக்கு நேராக நிற்காத எந்தக் கண்ணுக்கும் கேமராவுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கோட்டுக்கு முன்னால் நின்றால் ஒரு கார் முந்தியதாகத் தெரியும், பின்னால் நின்றால் மற்றது. போதாததற்கு நடுவில் வெதர்லியின் கார் வேறு, பந்திக்கு வந்த விருந்தாளி மாதிரி.

இன்றைக்குக் கார்களில் டிரான்ஸ்பாண்டர் என்ற சிக்னல் கருவி இருக்கிறதே என்பீர்கள். அது தரைக்கடியில் பதித்த கம்பியைத் தான் கடக்கும் கணத்தைக் குறிக்கிறது. அது அளப்பது காரின் மூக்கை அல்ல, தன்னைத்தான். பொருத்தும் இடம் விரற்கடை அளவு மாறினாலே, நெருக்கமான முடிவில் கணக்கு புரண்டுவிடும். 2024 மே 5 அன்று கான்சாஸில் முதலில் திரையில் மேலே வந்தது கிறிஸ் பியூஷரின் பெயர். கோட்டுக்கு நேராக வைத்த அதிவேகக் கேமராவின் படத்தைப் பார்த்த பிறகு கைல் லார்சன் வென்றதாக அறிவித்தார்கள். வித்தியாசம் 0.001 வினாடி. மணிக்கு 290 கிலோமீட்டரில் போகும் கார் அந்த நேரத்தில் நகர்வது 8 சென்டிமீட்டர். இதைத் தீர்க்க எந்த ஓட்டுநரின் சாட்சியத்தைக் கேட்பீர்கள்?

ஓட்டுநரின் சொல் செல்லுபடியாகும் இடமும் உண்டு. அங்குலக் கணக்கில் அவர் தவறலாம், சுற்றுக் கணக்கில் அவ்வளவு எளிதில் தவற மாட்டார். தான் எத்தனை பேரை எத்தனை முறை கடந்தோம் என்பது அவருக்குத் தெரியும். 1963 டிசம்பர் 1, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். வெண்டல் ஸ்காட் முன்னணியில் இருந்தார். பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம் போட்ட கொடி அவருக்கு இறங்கவில்லை. 200 சுற்றுப் பந்தயத்தில் அவர் கூடுதலாகவும் ஓடினார். கொடியும் கோப்பையும் பக் பேக்கருக்குப் போயின. ஸ்காட் மறு எண்ணிக்கை கேட்டார். பல மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு, அவர் இரண்டு சுற்று முன்னால் இருந்தது ‘கண்டுபிடிக்கப்பட்டது’. அந்தக் காலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து கையால் சுற்றுகளைக் குறிப்பார். தவறு எல்லாருக்கும் நேரும்தான். ஆனால் நாஸ்காரின் உச்சத் தொடரில் வென்ற முதல் கறுப்பினத்தவருக்கு, தென்மாநிலத்தில், வெள்ளைக்காரக் கூட்டத்தின் முன்னால் மட்டும் இரண்டு சுற்று கண்ணுக்குத் தப்பியதை வெறும் கூட்டல் பிழை என்று நான் நம்பவில்லை. 1990இல் அவர் இறந்தார். அந்த வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் குடும்பத்தாரிடம் கொடுத்தது 2021இல்.

அதே 1959இல் அட்லாண்டாவின் லேக்வுட் மைதானத்தில் ரிச்சர்ட் பெட்டிக்கு வெற்றிக் கொடி காட்டினார்கள். ஆட்சேபித்தவர் யார் தெரியுமா? அப்பா லீ பெட்டி. தாள்களைத் திரும்ப எண்ணினார்கள், அப்பாதான் ஜெயித்திருந்தார்!

அடுத்து, அளக்கவே முடியாத தகராறு. 2008 அக்டோபர் 5, டல்லடேகா. கடைசிச் சுற்றில் டோனி ஸ்டூவர்ட் முன்னால். புதுமுகம் ரீகன் ஸ்மித் உள்பக்கமாக நுழைகிறார். ஸ்டூவர்ட் கீழே இறங்கி வழியை அடைக்கிறார். ஸ்மித் ஓடுபாதையின் உள் விளிம்பில் போட்ட மஞ்சள் கோட்டுக்குக் கீழே போய், தாண்டி, முதலில் வந்தார். கோட்டுக்குக் கீழே போய் இடம் பிடிக்கக் கூடாது, தள்ளப்பட்டுப் போனால் குற்றமில்லை என்பது விதி. ‘தள்ளப்படவில்லை’ என்றார்கள். வெற்றி ஸ்டூவர்ட்டுக்கு, ஸ்மித்துக்கு 18ஆம் இடம். இங்கே நான் உங்கள் கட்சி. ‘தள்ளப்பட்டார்’ என்றால் என்ன? உரசினால்தான் தள்ளலா? வழியை மறித்தால் போதுமா? இதைப் பந்தயத்துக்கு முன்னால் எழுதிவைக்காமல், முடிந்த பிறகு தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து முடிவு செய்தது தவறு. நடுச்சுற்றில் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கி, இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். கடைசி 300 மீட்டரில் எங்கே திருப்பிக் கொடுப்பது?

இதன் விலையை ஆறே மாதத்தில் பார்த்தார்கள். 2009 ஏப்ரல் 26, அதே டல்லடேகா, அதே கடைசிச் சுற்று. கார்ல் எட்வர்ட்ஸ் கீழே இறங்கி மறித்தார். பிராட் கெஸலோவ்ஸ்கி கோட்டுக்குக் கீழே போகவில்லை. போனால் வெற்றி பறிபோகும் என்பது ஸ்மித்துக்கு நேர்ந்ததிலிருந்து எல்லாருக்கும் மனப்பாடம். கார்கள் மோதின. எட்வர்ட்ஸின் கார் காற்றில் எழும்பிப் பார்வையாளர் பக்கத்து வேலியில் போய் விழுந்தது. கூட்டத்தில் சிலருக்குக் காயம். கெஸலோவ்ஸ்கி விதிப்படி ஓட்டி, விதிப்படி ஜெயித்தார். மேசையில் எடுக்கும் முடிவு அடுத்த பந்தயத்தில் ஓட்டுநரின் ஸ்டியரிங்கைத் திருப்பும். அதிகாரிகளைத் திட்டுவதென்றால் இதற்காகத் திட்டுங்கள்.

இப்போது உங்கள் டேப். 2022 ஜூலை 24, போகோனோ. டென்னி ஹாம்லின் முதல், அதே அணியின் கைல் புஷ் இரண்டாவது. பரிசோதனையில் முன் முகப்பின் மேலிருந்த வண்ண ஸ்டிக்கரை உரித்தபோது, அடியில் இருக்கக் கூடாத டேப் அடுக்கு இருந்தது. அரை மில்லிமீட்டர் கூடத் தடிமன் இல்லை. இரண்டு கார்களும் தகுதி நீக்கம். மூன்றாவதாக வந்த சேஸ் எலியட்டுக்கு வெற்றி. ‘இவ்வளவு மெல்லிய டேப்பால் என்ன ஆகும்?’ என்று கேட்டவர்கள் ஏராளம். 2022இல் வந்த புதிய காரில் உடல் பாகங்கள் எல்லா அணிக்கும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வந்தபடியே பூட்ட வேண்டும். முகப்பின் வளைவு கொஞ்சம் மாறினாலும் காற்று ஓடும் வழி மாறும். பயன் இல்லாத வேலையை ராத்திரி உட்கார்ந்து எந்த மெக்கானிக்கும் ஸ்டிக்கருக்கு அடியில் செய்ய மாட்டார். அந்த அணி அப்பீலுக்கே போகவில்லை.

ஹாம்லினுக்கு அது தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும், ஜெயித்தது அவர் மட்டுமல்ல, அவரும் அந்தக் காரும் சேர்ந்துதான். கார் விதிக்கு வெளியே என்றால் ஓட்டமும் வெளியே. இல்லாவிட்டால் மூன்றாவதாக வந்தவரிடம் என்ன சொல்வீர்கள்? உள்நோக்கத்தை யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் ஒரு வழக்கும் முடியாது. 2024 அக்டோபரில் ஷார்லட் ரோவலில் அலெக்ஸ் போமனின் கார் எடை குறைந்தது. ஓட்டத்தில் தேய்மானம் ஆகும் என்று அரை சதவீதம் சலுகை உண்டு, அதற்கும் கீழே நின்றது தராசு முள். சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் பந்தயங்களிலிருந்து போமன் போனார், வெளியேறியிருந்த ஜோயி லகானோ உள்ளே வந்தார், அந்த ஆண்டின் சாம்பியனும் ஆனார். மறு ஆண்டு ஏப்ரலில் டல்லடேகாவில் அதே லகானோவின் காரின் பின்பக்கக் காற்றுத் தடுப்பான ஸ்பாய்லரில் ஒரு போல்ட் குறைந்தது, 5ஆம் இடம் பறிபோனது. அன்று இரண்டாவதாக வந்த ரயன் பிரீஸுக்கும் அதே கதி: ஸ்பாய்லருக்கு அடியில் இரண்டு ஷிம் (மெல்லிய தகடு) வைக்கலாம், மூன்று இருந்தது.

நீங்கள் கேட்கும் கருணை முன்பு இருந்தது. 1960இல் இமானுவேல் ஜெர்வாகிஸின் வெற்றியைப் பெரிய பெட்ரோல் டேங்குக்காகப் பறித்தபின், போகோனோ வரை 62 ஆண்டுகள் உச்சத் தொடரில் யார் வெற்றியும் பறிக்கப்படவில்லை. 1983 அக்டோபரில் ஷார்லட்டில் ரிச்சர்ட் பெட்டி வென்ற காரின் எஞ்சின் விதி அனுமதித்த 358 கன அங்குலத்துக்குப் பதில் சுமார் 382. இடது பக்க டயர்களை வலது பக்கத்தில் வேறு மாட்டியிருந்தார்கள். அவை மென்மையானவை, பிடிப்பு அதிகம். 35,000 டாலர் அபராதம், 104 புள்ளி வெட்டு, வெற்றி மட்டும் அவருக்கே. அவருடைய புகழ்பெற்ற 200 வெற்றிகளில் அதுவும் ஒன்று. 2024 ஆகஸ்டில் ரிச்மண்டில் ஆஸ்டின் டில்லன் கடைசிச் சுற்றில் இரண்டு பேரை இடித்துத் தள்ளி வென்றபோதும் இதே அரைத் தீர்ப்புதான்: வெற்றி உண்டு, பிளே-ஆஃப் இடம் கிடையாது. தின்ன விட்டுவிட்டு ஏப்பம் விடாதே என்பது போல. 2019இல் கொண்டுவந்த விதி இதைவிட நேர்மையானது: பந்தயம் முடிந்த மாலையே மைதானத்தில் பரிசோதனை, தேறாவிட்டால் கடைசி இடம்.

பழையவற்றைத் திறக்கலாமா என்றால், ஆவணம் இருந்தால் திறக்கலாம், நினைவை நம்பித் திறக்க வேண்டாம். 1971 ஆகஸ்ட் 6 அன்று பௌமன் கிரே மைதானத்தில் பாபி ஆலிசன் முதலில் வந்தார். ஓட்டியது கிராண்ட் அமெரிக்கன் பிரிவின் சிறிய மஸ்டாங். இரு பிரிவும் கலந்து ஓடிய பந்தயம் என்பதால் உச்சத் தொடரின் கணக்கில் அவருக்கு வெற்றி எழுதவில்லை. இரண்டாவதாக வந்த ரிச்சர்ட் பெட்டிக்கும் எழுதவில்லை. 53 ஆண்டுகள் அந்தப் பந்தயத்துக்கு வெற்றியாளரே இல்லாமல் பட்டியல் கிடந்தது. யார் முந்தியது என்பதில் அங்கே சந்தேகமே இருந்ததில்லை, கணக்கெழுதியவர்களுக்குத்தான் மனம் வரவில்லை. 2024 அக்டோபரில் ஆலிசன் பெயரில் எழுதினார்கள். அவர் வெற்றிக் கணக்கு 84 என்பது 85 ஆயிற்று. அடுத்த மாதம் அவர் காலமானார்.