காசில் இருக்கிற லத்தீன் எழுத்தும் எங்கட ஆக்களின்ர வியாபாரமும்

தம்பி, ராணி தலை போட்ட பிரித்தானிய ஒரு பவுண் குத்தியில் 'டி.ஜி. ரெக் எஃப்.டி.', மன்னர் தலை போட்டதில் 'டி.ஜி. ரெக்ஸ் எஃப்.டி.', எது கள்ளக் காசு, வைத்திருந்தால் விலைபோகுமா என்று கேட்டிருக்கிறீங்கள். புதிதாக வந்த உங்களுக்கு வாடகையும் குளிர் உடுப்பும் பற்றி ஆயிரம் பேர் சொல்லுவினம். நான் காசைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

இரண்டும் நல்ல காசுதான். டி.ஜி. என்பது 'தேயி கிராத்தியா', கடவுளின் அருளால். ரெக் என்பது ரெஜினாவின் சுருக்கம், அரசி; ரெக்ஸ் அரசன். ஆள் மாறினதால் அந்தச் சொல்லும் மாறினது, அவ்வளவுதான். எஃப்.டி. என்பது 'ஃபிதேயி தெஃபென்சோர்', விசுவாசத்தின் காவலர். திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூதரை மறுத்து எழுதினதற்காக 1521இல் பாப்பரசர் பத்தாம் லியோ இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்குக் கொடுத்த பட்டம். பிறகு ஹென்றி பாப்பரசரின் ரோமத் திருச்சபையையே விட்டு விலகினார். பட்டத்தை மட்டும் பாராளுமன்றத்தைக் கொண்டு தனக்கே வைத்துக்கொண்டார். அரசர்கள் அதை இன்றைக்கும் விடவில்லை. கனடாக் காசில் எஃப்.டி. இருக்காது. அதுவும் பிழைக் காசு இல்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. 'எழுத்து மாறின அபூர்வக் காசு' என்று புதிதாக வந்த பிள்ளைகளிடமே விற்கிறவர்களில் எங்கட ஆக்களும் இருக்கினம். புழக்கத்தில் இருக்கிற ஒரு பவுண் ஒரு பவுண்தான். பழைய பென்னியில் 'இந்த் இம்ப்', அதாவது இந்தியாவின் பேரரசர், என்று இருக்கும். 1948இல் அந்தப் பட்டம் போனது, 1949 பென்னியில் அது இல்லை. அந்தப் பென்னிகள் கோடிக்கணக்கில் அடித்தவை, பத்துப் பவுண் கொடுத்து வாங்காதேங்கோ. 1933 பென்னிதான் உண்மையில் அரிது. அது சந்தைக் கடையில் கிடைக்காது.

கள்ளக் காசை எழுத்தை வைத்துப் பிடிக்க ஏலாது. இப்போதைய ஒரு பவுண் குத்திக்குப் பன்னிரண்டு பக்கம் இருக்கவேணும், விளிம்பு ஒரு பக்கம் வரியும் அடுத்த பக்கம் மழமழப்புமாக மாறி மாறி வரவேணும், நிறை 8.75 கிராம். தலைக்குக் கீழே சரித்துப் பார்த்தால் பவுண் குறி 1 ஆக மாறும். வட்டமான பழைய ஒரு பவுண் 2017 ஒக்டோபர் 15ஓடு செல்லாது; கடைக்காரர் மிச்சமாகத் தந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கோ. கடதாசியில் அடித்த பழைய இருபது பவுண் தாளும் ஐம்பது பவுண் தாளும் 2022 செப்டம்பர் 30ஓடு கடைகளில் செல்லாமல் போனது, ஆனால் இங்கிலாந்து வங்கி இன்றைக்கும் மாற்றித் தரும்.