கடற்கரைச் சாலைக் கருங்கற்களில் ஏறலாமா?

கேள்வி: நெய்வேலியிலிருந்து குடும்பத்தோடு புதுச்சேரி வருகிறோம். கடல் குடைந்த பாறைகளையும், அலை வற்றும்போது தெரியும் குகையையும் படகில் காட்டுவதாக ஒரு ஏஜென்ட் படம் ஒன்றைக் காட்டி முன்பணம் கேட்கிறார். போகலாமா? பிள்ளைகளைப் பாறையில் நிறுத்திப் படம் எடுக்கலாமா?

பதில்: முதலில் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் காட்டிய படத்தில் இருக்கும் கருங்கற்கள் கடல் செதுக்கியவை அல்ல, லாரியில் வந்து இறங்கியவை. சில கற்களின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு பள்ளம் நேர்கோட்டில் ஓடும். குவாரியில் வெடி வைக்கத் துளை போட்ட தடம் அது. குகையும் கிடையாது. இங்கே கடல் ஏறி இறங்குவதே ஒரு மீட்டர் தேறாது.

கடல் கரையை அரிப்பது மட்டும் உண்மை, அதைத் தடுக்கத்தான் இந்தக் கற்கள். இந்தக் கரையில் மணல் மொத்தத்தில் வடக்கு நோக்கியே நகரும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. தேங்கும் மணலை அள்ளி வடக்கே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கோப்பு நகராது, கல் கொட்ட என்றால் மட்டும் உடனே டெண்டர் வந்துவிடும்! கல் போட்ட இடம் தப்பிக்கும், அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போய்விடும்.

சரி, ஏறலாமா? வேண்டாம். அலை படும் கல்லெல்லாம் பாசி. இடுக்கில் கால் சிக்கினால் அடுத்த அலைக்குள் எடுக்க முடியாது.

ஒரே விலக்கு, தலைமைச் செயலகம் எதிரே உள்ள மணல். தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-19 வாக்கில் ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பு ஒன்றைக் கடலுக்குள் இறக்கியது. அலையின் வேகம் அதில் குறைவதால் மணல் மறுபடி சேர்ந்தது. அங்கே பிள்ளைகளை விளையாட விடலாம். மணலில்தான், தண்ணீரில் இல்லை. மணல் இருக்கிறதே, குளிக்கலாமே என்பார்கள். அந்த இரும்பு இன்னும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. அதனால் கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படகில் போயே ஆக வேண்டுமா? சுண்ணாம்பாறு படகுத் துறைக்குப் போய்க் கவுன்டரில் நீங்களே டிக்கெட் எடுங்கள். லைஃப் ஜாக்கெட் தராத ஃபைபர் படகில் ஏறாதீர்கள்.

நிஜமான கடற்பாறைக்கு முட்டம் போக வேண்டும், அது கன்னியாகுமரி மாவட்டம். இங்கே வருவதென்றால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டியை விடமாட்டார்கள், நடக்க முடியாத பெரியவர்களை அதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.