காரைத் திருப்பும்போது மட்டும் நறநறவென்று சத்தம் வருகிறது, என்ன காரணம்? அப்படியே ஓட்டலாமா?

நேராகப் போகும்போது சத்தமே இல்லை, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மட்டும் முன்பக்கம் எதையோ அரைப்பது போலக் கேட்கிறது என்கிறீர்கள். இதே சத்தத்துக்காக நன்றாக இருந்த ஒரு டிரைவ் ஷாஃப்ட்டை (இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) கழற்றிவிட்டுப் புதிது மாட்டியவன் நான். மாட்டி வெளியே எடுத்த முதல் வளைவிலேயே அதே நறநற. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெக்கானிக்கிடம் "திரும்பும்போது சத்தம் வருது" என்று மட்டும் சொன்னேன். அதுதான் என் தப்பு. அப்படிச் சொன்னால் முக்கால்வாசிப் பேருக்கு முதலில் சிவி ஜாயின்ட்தான் ஞாபகம் வரும், அதாவது அந்த ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும், சக்கரம் திரும்பினாலும் சுழலவிடும் மூட்டு. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

முதலில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் வீல் பேரிங் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பாகம்), சிவி ஜாயின்ட், பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) மூன்றையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். சக்கரம் உருளவே இல்லையே. ஆயில் ஊற்றும் பவர் ஸ்டீயரிங் என்றால் ஆயில் குறைந்திருக்கிறதா, நுரைத்திருக்கிறதா என்று பாருங்கள். முனகல் மாதிரியான சத்தம் அங்கிருந்துதான் வரும். (ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை திருப்பி, அதாவது ஃபுல் லாக்கில், பிடித்தால் மட்டும் முனகினால் பெரிதாகக் கவலை வேண்டாம், ஆனால் அப்படிப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.) மோட்டாரில் இயங்கும் ஸ்டீயரிங்கில் ஆயிலே கிடையாது. ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்டில் உள்ள பேரிங் இறுகியிருக்கும்.

அடுத்து, ஆள் இல்லாத இடத்தில் ஃபுல் லாக் பிடித்து, மெதுவாக வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம். சிவி ஜாயின்ட் போயிருந்தால் பெரும்பாலும் நறநற வராது, 'டக் டக் டக்' என்று எண்ணுகிற மாதிரி வரும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடும். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும். பூட் கிழிந்து சத்தம் இன்னும் வரவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உடனே பார்த்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினாலே போதும். ஃபுல் லாக்கில் மட்டும் சரசரவென்று உரசினால் டயர் மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்கைத் தொடுகிறது. தொட்ட இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும், தேடவே வேண்டாம்.

என் வண்டியில் இது எதுவும் இல்லை. மெதுவாக இடப்பக்கம் திரும்பினால் மட்டும், வலது முன்சக்கரத்திலிருந்து தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். ஷாஃப்ட் மாற்றியும் போகாததால் நானே ஜாக்கி வைத்தேன். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டிக்கு அடியில் ஸ்டாண்டும் வைத்த பிறகுதான் கையை உள்ளே விட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே போகாதீர்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிஸ்க்கைக் கையால் சுற்றினால், ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'ஸ்ர்ர்'. டிஸ்க்குக்குப் பின்னால் அழுக்கு படாமல் இருக்க ஒரு மெல்லிய தகடு இருக்கும், அதன் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் துருவில்லாமல் வெள்ளி மாதிரி மின்னியது. ஸ்க்ரூடிரைவரை விட்டு லேசாக நெம்பினேன், சத்தம் நின்றுவிட்டது. இந்த இடுக்கில் சின்னக் கல் மாட்டினாலும் இதே சத்தம்தான் வரும். சில சமயம் ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போனாலே அது விழுந்துவிடும்.

நேராகப் போகும்போது உரசாத தகடு திரும்பும்போது மட்டும் ஏன் உரசியது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அதே சக்கரத்திலிருந்து விமானம் தூரத்தில் போவது போல ஓர் உறுமல். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். பேரிங் தேய்ந்திருந்தால் அந்தப் பாரத்தில் ஹப் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டியிருக்கும் நடுப்பாகம்) இம்மியளவு சாயும், டிஸ்க்கும் கூடவே சாயும். தகடு வளைந்திருந்தது உண்மைதான், ஆனால் டிஸ்க்கைத் தகட்டின் மேல் தள்ளியது பேரிங். அதனால் வேகத்தில் இடப்பக்கம் வளைந்தால் உறுமல் கூடுகிறது என்றால் பெரும்பாலும் வலது பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், வலப்பக்கம் என்றால் இடது. காதை மட்டும் நம்பினால் பக்கம் மாறிப்போகும்.

உறுதி செய்ய இரண்டு வழி உண்டு. சக்கரத்தைத் தூக்கி வைத்து மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் பேரிங், போகவில்லை என்றால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு). இடமும் வலமுமாக மட்டும் ஆடினால் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனை. ஆட்டமே இல்லாவிட்டாலும், ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையை ஸ்பிரிங் மேல் லேசாக வையுங்கள், விரலைச் சுருளுக்கு நடுவில் விட வேண்டாம். கெட்ட பேரிங் மணலைத் தேய்ப்பது போல உள்ளங்கையில் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பேரிங்கை வீட்டில் மாற்றப் பார்க்காதீர்கள். பல வண்டிகளில் அதை பிரஸ் (அழுத்தி ஏற்றும் இயந்திரம்) வைத்துத்தான் ஏற்ற முடியும், சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுசும் சீக்கிரம் உறுமும். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும், திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஆக்சில் நட்டைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள்.

ஓட்டலாமா என்று கேட்டதற்கு: தகடோ பிளாஸ்டிக்கோ உரசினால் நிதானமாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். பிரேக் மிதித்தாலும் அரைக்கிறது, சக்கரம் ஆடுகிறது, ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறது, இதில் எது இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.